காரணம் எழுதாத கட்டம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப் போகிற இந்தச் சம்பவத்தில் கெட்டுப்போனது ஒரு மின்பொத்தான் என்று ஆபீஸ் காகிதங்கள் சொல்லும். கெட்டுப்போனது என் வாயால்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஹைதராபாத் நகரத்தின் ஓரத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டவுன்ஷிப்பில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தேன். திருநெல்வேலியில் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, கணவருக்கு இங்கே வேலை என்பதால் நானும் பரீட்சை எழுதி உள்ளே நுழைந்தவள். எங்கள் செக்ஷனில் நான் ஒருத்திதான் பெண். வந்த புதிதில் மின்விசிறி ரிப்பேர்ப் புகார்களை எழுதி வைக்கும் நோட்டை என்னிடம் கொடுத்து ஓரமாக உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. ஒரே வாரத்தில் ஏணியில் ஏறினேன். அதற்குப் பிறகு யாருக்கும் பிடிக்காத வேலைகளெல்லாம் என் தலையில் விழுந்தன. அப்படி விழுந்ததுதான் கலையரங்கத்தின் எமர்ஜென்சி விளக்கு வேலை.

டவுன்ஷிப்பின் கலையரங்கம் பெரியது. தெலுங்கு நாடகம், தமிழ்ச் சங்கத்துப் பட்டிமன்றம், வங்காளிகளின் பூஜை நாடகம், யூனியன் கூட்டம் எல்லாம் அங்கேதான். மேடை விளக்கும் சரி, ஜனங்கள் உட்காரும் பக்கத்து விளக்கும் சரி, டிம்மர் என்கிற ஒரு கருவி வழியாகத்தான் எரியும். மேடை ஓரத்தில் ஒரு சக்கரம். திருப்பத் திருப்ப வெளிச்சம் கூடும், குறையும். ஒரு வருடம் நாடகத்தில் பேய்க் காட்சிக்காக அரங்கத்தை இருட்டாக்கியிருந்த நேரத்தில் ஃப்யூஸ் போய்ச் சடாரென்று சத்தம் வந்தது. யாரோ நெருப்பு என்று கத்த, எல்லோரும் இருட்டில் வாசலுக்கு ஓடினார்கள். ஸ்டோர்ஸ் கிளார்க்கின் மனைவி படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அந்த அம்மாள் தடி இல்லாமல் நடந்து நான் பார்க்கவில்லை.

அதனால்தான் நிர்வாகம் உத்தரவு போட்டது. டிம்மர் எந்த நிலையில் இருந்தாலும், ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் மேடை விளக்குகள் அணைந்து, அரங்க விளக்கு, வராந்தா விளக்கு, படிக்கட்டு விளக்கு எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். படம் வரைந்தது நான். பெட்டி செய்தது நாச்சாரத்தில் ஒரு சின்னப் பட்டறை. மேடைக்குப் பின்னால் இருந்த நடையில் அந்தப் பெட்டியை மாட்டினோம். உள்ளே காண்டாக்டர் என்கிற ஒரு பெரிய ஸ்விட்ச். அதைக் கையால் போட வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் மின்சாரமே அதை இழுத்து மூடிக்கொள்ளும். பொத்தான் மட்டும் மேடையின் வலது பக்கத்தில், சாய்வான ஒரு பலகையில் இருந்தது. உள்ளங்கை அகலம், நல்ல சிவப்பு.

வயரிங் முழுக்கச் செய்தவர் ஒரு கேஷுவல் வயர்மேன். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். மல்லாபூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஏழு வருடமாக கேஷுவல். தொடர்ந்து வேலை பார்த்தார் என்று வந்துவிடக் கூடாது என்பதற்காக நடுநடுவே சில நாள் நிறுத்திவிட்டு, மறுபடி புதிய ஆளைப் போலச் சேர்ப்பார்கள். ஏழு வருடமாகப் புதிய ஆள். அந்த வருடம் கேஷுவல்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்க லிஸ்ட் தயாராகிறது என்று பேச்சு வந்தது. கலையரங்க வேலை நன்றாக முடிந்தால் பாயின் பெயர் நிச்சயம் என்று எங்கள் மேலதிகாரி என்னிடமே சொல்லியிருந்தார்.

பாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவருடைய இரண்டாவது பெண்ணுக்கு இளைப்பு. ஹைதராபாத்தில் குளிர் தொடங்கினால் அந்தக் குழந்தை மூச்சுக்குத் திணறும். சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, சிவந்த கண்ணோடு நேராக வேலைக்கு வருவார். பெர்மனென்ட் ஆனால் கம்பெனி ஆஸ்பத்திரி. அங்கே நல்ல டாக்டர், மருந்து, ஆக்ஸிஜன் எல்லாம் உண்டு. சம்பளத்தைப் பற்றிக்கூட அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு என்பார். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பாதி தக்கினி உருதுவும், எங்கள் செக்ஷன் தமிழர்களிடம் பொறுக்கிய பாதித் தமிழுமாக என்னிடம் பேசுவார். வேலையில் படு சுத்தம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் பொத்தானை அழுத்திப் பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு ரிஜிஸ்டர் போட்டது அவருடைய யோசனை. தேதி, நிகழ்ச்சி, டெஸ்ட் செய்ததா இல்லையா, செய்யாவிட்டால் காரணம், கையெழுத்து. கட்டங்களை ஸ்கேல் வைத்து அவரே போட்டார். இங்கிலீஷ் எழுத்தைத் தச்சர் மரத்தில் செதுக்குவதைப் போல ஒவ்வொன்றாக எழுதுவார். நான் கேலி செய்வேன். "பாய், இந்த வேகத்துல எழுதினா நிகழ்ச்சியே முடிஞ்சிரும்" என்பேன். "முடியட்டும் மேடம், எழுத்து நிக்கும்" என்பார்.

வேலை முடிந்து மூன்று மாதம் பொத்தான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். தசராவுக்கு முதல் நாள் காலையில் மெஷின்களைக் கழுவித் துடைத்து, மாவிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பொரி, கடலை, வாழைப்பழம், எல்லோருக்கும் ஒரு லட்டு. கலையரங்கத்துப் பூஜையை நான்தான் செய்தேன். என் கையால் செய்த முதல் பெரிய வேலை அந்தப் பொத்தான். பெற்ற பிள்ளைக்கு வைப்பது போல ஆசையாகச் சந்தனம் வைத்தேன். பாத்திரத்துச் சந்தனத்தை எல்லா மெஷினுக்கும் வர வேண்டுமென்று யாரோ பன்னீர் ஊற்றித் தண்ணீராகக் கரைத்து வைத்திருந்தார்கள். நான் அள்ளிப் பூசினேன். அது பொத்தானைச் சுற்றி வழிந்து, விளிம்பின் இடுக்கில் இறங்கியது. மேலே குங்குமம் வைத்துப் பூவும் போட்டேன்.

பாய் சற்றுத் தள்ளி நின்று பொரியைத் தின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு ரிஜிஸ்டரோடு வந்தார். அன்று மாலை அதே அரங்கத்தில் தசரா கலை நிகழ்ச்சி.

"மேடம், ஏக் பார் டெஸ்ட் பண்ணிடறேன். தண்ணி உள்ள போயிருக்கும்."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தையும் கருவியையும் மறுநாள் காலை வரை தொடக் கூடாது. தொட்டால் அம்மாவிடம் அடி விழும். எங்கள் செக்ஷனின் தெலுங்குக்காரர்களுக்கு இதெல்லாம் கிடையாது. பூஜை முடிந்த கையோடு மெஷினை ஓட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும்தான் அது.

"பூஜை போட்டதைத் தொடக் கூடாது பாய். இன்னைக்கு நக்கோ, வேண்டாம். நாளைக்குப் பாக்கலாம்."

"இன்னைக்கு ப்ரோக்ராம் இருக்கு மேடம்."

"மூணு மாசமா வேலை செஞ்சது இன்னைக்குச் செய்யாதா? சொன்னாக் கேக்கணும்."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார். "ஹவ் மேடம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மாலையில் அதே பூஜை போட்ட மேடை விளக்குகளையெல்லாம் எரிக்கத்தானே போகிறோம், பொத்தானை மட்டும் தொடக் கூடாதா என்று அவர் கேட்டிருக்கலாம். என் செக்ஷனில் வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். பூஜை விஷயத்தில் அவர் எப்படிக் கேட்பார்? கேட்க முடியாத ஆளிடம் நான் அதைச் சொல்லிவிட்டேன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை.

மாலையில் அரங்கம் நிரம்பியது. சின்னப் பிள்ளைகளின் விளக்கு நடனம். கையில் பேட்டரி விளக்கு வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். அதில் என் ஆறு வயதுப் பெண்ணும் ஒருத்தி. விளக்கு தெரிய வேண்டும் என்று அரங்கத்தை முழுக்க இருட்டாக்கியிருந்தார்கள். பாட்டு பாதி போயிருக்கும், இடது பக்கத் திரையின் நுனி சூடான ஸ்பாட்லைட் மேல் விழுந்து புகைய ஆரம்பித்தது. டிம்மர் சக்கரம் இருந்ததும் அந்தப் பக்கம்தான். சக்கரத்தில் நின்றவர் இருமிக்கொண்டே ஓடிவிட்டார். கூட்டத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

நான் பொத்தான் பக்கத்தில்தான் இருந்தேன். அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன், பிறகு இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். மேடையில் குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள். அந்த அழுகையில் என் பெண்ணின் குரலைத் தேடிக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு பயந்தது கிடையாது.

திடீரென்று எல்லா விளக்கும் எரிந்தன. அரங்கம், வராந்தா, படிக்கட்டு, எல்லாம். யாரோ திரையை இழுத்துப் போட்டு மணல் வாளியைக் கவிழ்த்தார்கள். ஜனங்கள் வெளிச்சத்தில் வரிசையாக இறங்கினார்கள். நான் என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பின்பக்க நடைக்கு ஓடினேன். அங்கே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாய் நின்றிருந்தார். சுத்தியலின் மரப்பிடியைக் காண்டாக்டரின் மேல் வைத்து, இரண்டு கையாலும் உள்ளே தள்ளிப் பிடித்திருந்தார். விட்டால் விளக்கு அணைந்துவிடும். புகை நடைக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எல்லாரும் போயிட்டாங்களா மேடம்?" என்றார். இன்னும் இல்லை என்றேன். கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்தபோது விரல்கள் நிமிரவில்லை.

யாருக்கும் காயம் இல்லை. வீட்டில் என் பெண் சாப்பிட்டுக்கொண்டே அவளுக்கு வருகிற தெலுங்கில், "அம்மா, ஆ அங்குலே லைட் வேசாரு" என்றாள். அந்த அங்கிள்தான் விளக்குப் போட்டாராம். ஆமாம் என்றேன்.

மறுநாள் தசரா விடுமுறை. இருந்தாலும் காலையிலேயே நானும் பாயும் போய்ப் பொத்தானைக் கழற்றினோம். உள்ளே இரண்டு செப்புத் தகடுகள். பொத்தானை அழுத்தினால் அவை ஒன்றையொன்று தொட வேண்டும். இரண்டின் மேலும் வெள்ளையாகச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. வாசனைகூடப் போகவில்லை.

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பாய் தகட்டை ஒரு துணியால் துடைத்தார். அப்புறம் மெதுவாக, "நக்கோ மேடம். பூஜைன்னு பேச்சு வந்தா அது வேற எங்கயோ போயிடும். நான் முஸல்மான், நீங்க லேடீஸ். ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. டெஸ்ட் பண்ண மறந்துட்டேன்னு சொல்லிடறேன்" என்றார்.

கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன்.

அதற்கு அடுத்த நாள், விசாரணை வைக்கப் போகிறார்கள் என்று மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனுஷர், குண்டூர்க்காரர். செக்ஷனில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கேஷுவல் ஆளை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். ஒருவர் வேறு மாதிரியும் சொன்னார். பூஜை அன்றைக்கே ஏன் கெட்டது, யார் கை பட்டது என்றார். கையை நீட்டி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் போகிற சண்டையைக்கூட விலைக்கு வாங்குகிறவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை.

மேலதிகாரியிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அம்மா, நீங்க முதல் லேடி சூப்பர்வைசர். உங்க ஃபைல்ல இது ஏறினா இனி ஒரு பெண்ணையும் இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க. கேஷுவலுக்கு ஃபைல் ஏது, கெடறதுக்கு? அவரே மறந்துட்டேன்னு சொல்றாரு. விடுங்க."

வீட்டில் கணவரும் அதையேதான் சொன்னார். "அவரே ஒத்துக்கிட்டாருல்லா? நீ எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கிடுத?"

எல்லோரும் எனக்கு நல்லதுதான் சொன்னார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. லிஸ்ட் அந்த வாரம் டைப் ஆகிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது என்று இங்கே எழுத ஆசைதான். தெரியும்.

நான்காம் நாள் காலையில் விசாரணைக்கு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். திறந்தேன். பூஜை நாளின் வரி. தேதி, தசரா நிகழ்ச்சி, அப்புறம் பாயின் செதுக்கிய எழுத்தில் 'நாட் டெஸ்டட்'. கையெழுத்து. காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

நிகழ்ச்சிக்கு முன்னால் எழுதிய வரி அது. நெருப்பு வரும் என்று அவருக்குத் தெரியாது. மறந்துவிட்டேன் என்று எழுத முடியாது, அது பொய். மேடம் தடுத்தார் என்று எழுத மனசில்லை. அதனால் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் நான்கு நாளாக அந்தக் கோணலை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதினேன். வயர்மேன் டெஸ்ட் செய்ய வந்தார். பூஜை போட்டதைத் தொடக் கூடாது என்று நான் தடுத்தேன். பொத்தானில் சந்தனம் வைத்ததும் நான். கட்டம் சின்னது, மீதியை மார்ஜினில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் ரிஜிஸ்டரை மேஜை மேல் வைத்துவிட்டு, அதையே வாயாலும் சொன்னேன். பாய் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அவ்வளவுதான். வேலை போகவில்லை, பெண்களை எடுப்பதும் நிற்கவில்லை. அடுத்த வருடமே இன்னொரு பெண் வந்து சேர்ந்தாள். நான்கு நாள் நான் கட்டிக் காத்த பயமெல்லாம் ஒரே ஒரு காகிதம்.

ஆனால் லிஸ்ட் மூன்றாம் நாள் மதியமே கையெழுத்தாகிப் போய்விட்டது. அதில் பாயின் பெயரை அடித்திருந்தார்கள். நான் லிஸ்ட் போடுகிற பர்சனெல் டிபார்ட்மென்ட்டுக்கு நடந்தேன், மேலதிகாரியை இழுத்துக்கொண்டு போனேன், எழுதிக் கொடுத்தேன், கத்தினேன். கையெழுத்தான லிஸ்டைத் திறக்க முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

பாயிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "நீங்க எழுதினீங்களே மேடம்" என்றார். "இங்க யாரு எழுதறாங்க?" அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குளிர்காலத்திலும் பல நாள் சிவந்த கண்ணோடு வேலைக்கு வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சந்தனப் பாத்திரத்தோடு எல்லோரும் நிற்க, நான் முதலில் பாயைக் கூப்பிட்டேன். அவர் பொத்தானை அழுத்தினார், எல்லா விளக்கும் எரிந்தன, ரிஜிஸ்டரில் நிதானமாக எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை பூஜை காத்திருந்தது. பொத்தானுக்கு ஒரு பூ மட்டும் வைத்தோம். அந்த மாதக் கடைசியில் வந்த லிஸ்டில் அவர் பெயர் இருந்தது.

சில வாரம் கழித்து ஜுரத்தில் கிடந்த என் பெண்ணைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பாய். புது ஆஸ்பத்திரிச் சீட்டு அவர் கையில். பக்கத்தில் ஒல்லியாக, இரட்டைச் சடை போட்ட அவருடைய இரண்டாவது பெண். அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் எனக்கு சலாம் சொன்னாள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றாள் தக்கினியில். "போன குளிர்லதான் ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

பாய் அவளை மெல்ல முன்னால் நகர்த்தினார். டாக்டர் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்.